திரை பழசு... படம் புதுசு!

1080 மானிட்டரில் 4கே துல்லியம்: கிராபிக்ஸ் கார்டுக்குள் இருக்கும் ஒரு வசதியும் அதன் விலையும்

நெய்வேலிக்கும் சேத்தியாத்தோப்புக்கும் இடையில் நின்று அண்ணாந்து பார்த்தால் உயர் அழுத்த மின்கம்பி கண்ணில் படாமல் போகாது. கண்ணுக்கு அது ஒரே கோடு. அதே மாதிரிக் கம்பி ஒரு கணினி கேமில் வந்தால் கதை வேறு. நம் ஆள் நாலடி நடந்தால் போதும். கம்பி துண்டு துண்டாக அறுபடும், மினுக்கும், மறுபடி ஒட்டிக்கொள்ளும். தென்னங்கீற்றின் நுனி கொதிக்கும். கம்பி வேலி தானாக நெளியும். கேம் ஆடுகிறவர்கள் இதை ‘ஜாகிஸ்’ என்றும் ‘ஷிம்மரிங்’ என்றும் சொல்லி அலுத்துக்கொள்வார்கள்.

சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்ப் பார்த்துப் பார்த்து வாங்கிய கார்டு. ஊர் திரும்பிப் பூட்டிய பிறகும் படம் இப்படித்தான் இருக்கிறது என்றால், பழி நேராக மானிட்டர் மேல் விழும். 4கே மானிட்டருக்கு விலை விசாரிக்கத் தொடங்குவார்கள். அதற்கு முன் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. இருக்கிற மானிட்டரை வைத்துக்கொண்டே, அது காட்டக்கூடியதைவிடப் பெரிய படத்தை வரையச் சொல்லும் வசதி கிராபிக்ஸ் கார்டின் செட்டிங்ஸில் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறது. என்விடியாவில் அதன் பெயர் டி.எஸ்.ஆர். ஏ.எம்.டி.யில் வி.எஸ்.ஆர். காசு கேட்காத வசதிதான். ஆனால் இலவசம் இல்லை.

20 லட்சம் புள்ளி போதாதா?

1920×1080 திரையில் 20,73,600 பிக்சல்கள் இருக்கின்றன. ஒரு பிக்சலுக்கு ஒரு நேரத்தில் ஒரே நிறம். கேம் ஒவ்வொரு பிக்சலின் நடுப்புள்ளியிலும் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கிறது: இங்கே என்ன இருக்கிறது? பிக்சலைவிட மெல்லிய கம்பி அந்த நடுப்புள்ளியில் பட்டால் பிக்சல் முழுக்கக் கறுப்பு. அரை இழை தள்ளிப் போனால் முழுக்க வானம். நாம் நகரும்போது கம்பி சில பிக்சல்களில் படுகிறது, சிலவற்றில் தப்புகிறது. அந்தத் தப்பலைத்தான் கண் அறுபட்ட கம்பியாகப் பார்க்கிறது. சாய்ந்த கோடு படிக்கட்டாவதும் இதனால்தான். கோரைப் பாயில் நெய்த மயிலின் கழுத்தை உற்றுப் பார்த்தால் வளைவு இருக்காது, படிகள் இருக்கும். அங்கே கட்டம் பெரிது, இங்கே சிறிது, சங்கதி ஒன்றுதான்.

பொறியாளர்கள் இதற்கு வைத்த பெயர் ‘ஏலியாசிங்’. வேகமாக மாறும் ஒன்றைப் போதிய தடவை அளக்காவிட்டால், இல்லாத ஒன்று அளவில் தோன்றும் என்பது 1928-ல் நைக்விஸ்ட்டும் 1949-ல் ஷானனும் தந்திக்கும் தொலைபேசிக்கும் எழுதிய கணக்கு. சினிமாவில் முன்னே ஓடும் காரின் சக்கரம் பின்னே சுற்றுவதாகத் தெரிவதும் இதே கோளாறுதான். நொடிக்கு 24 படம் அந்தச் சக்கரத்துக்குப் போதவில்லை. கணினி வரையும் படத்தில் இந்தச் சிக்கலை 1977-ல் ஒரு ஆய்வுக் கட்டுரையாக எழுதியவர் ஃபிராங்க் குரோ. ஒரு பிக்சலுக்கு ஒரு மாதிரி எடுப்பதுதான் குற்றம். பல மாதிரிகள் எடுத்துச் சராசரி போட்டால் கறுப்புக்கும் வானத்துக்கும் நடுவிலுள்ள சாம்பல்கள் கிடைக்கும். சினிமா கிராபிக்ஸில் இப்படித்தான் செய்கிறார்கள். அவர்களுக்கு ஒரு ஃபிரேமுக்கு மணிக்கணக்கில் நேரம் உண்டு. நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 எஃப்.பி.எஸ்.ஸில் ஓடும் கேமுக்கோ ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லி நொடிதான்.

பொய் சொல்லும் டிரைவர்

டி.எஸ்.ஆர் செய்வது எளிய ஏமாற்று வேலை. “இங்கே மாட்டியிருப்பது 4கே மானிட்டர்” என்று, கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் கேமிடம் பொய் சொல்கிறது. கேம் அதை நம்பி 3840×2160 அளவில், 82,94,400 பிக்சல்களில் படத்தை வரைந்து கொடுக்கிறது. டிரைவர் அதை வாங்கிச் சுருக்கி 1080 மானிட்டருக்கு அனுப்புகிறது. நான்கு பிக்சலின் நிறம் கலந்து ஒன்றாகிறது. ஒரு பிக்சலின் கால் பகுதியில் மட்டும் கம்பி இருந்தால், முன்பு கறுப்பு அல்லது வானம் என்று இருந்த முடிவு இப்போது கால் பங்கு கறுப்பாக வருகிறது.

திரையில் ஒரு பிக்சல்கூடக் கூடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கூடியது ஒவ்வொரு பிக்சலும் அறிந்துகொண்ட விவரம். அதனால்தான் 4கே மானிட்டர் தரும் கூர்மை இதில் முழுதாக வராது. ஆனால் மினுக்கல் அடங்கும், கம்பி கம்பியாகவே நிற்கும். கூடவே ஒரு லாபமும் உண்டு. தொலைவிலுள்ள சுவருக்கும் தரைக்கும் கேம்கள் சிறிய டெக்ஸ்சரை (மேற்பரப்பில் ஒட்டும் படத்தை) பயன்படுத்துவது வழக்கம். பெரிய அளவில் வரைவதாக நம்பும் கேம், அதே தொலைவுக்கு இன்னும் தெளிவான டெக்ஸ்சரை எடுத்து விரிக்கும்.

ரசிகர்கள் முந்தினார்கள்

இந்த எண்ணம் புதிதல்ல. 2000-ஆம் ஆண்டிலேயே 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ5 5500 கார்டு, இரண்டு சிப்களைச் சேர்த்து வைத்து ஒரு பிக்சலுக்கு 2 அல்லது 4 மாதிரிகள் எடுத்துச் சராசரி போட்டது. மாதிரிப் புள்ளிகளை நேர் வரிசையில் வைக்காமல் கலைத்து வைத்தது அதன் கெட்டிக்காரத்தனம். நேர் வரிசையில் 2×2 என்று வைத்தால், கிட்டத்தட்டச் செங்குத்தாக நிற்கும் கோட்டுக்குக் கறுப்பு, பாதி, வெள்ளை என மூன்றே நிலைகள் கிடைக்கும். கலைத்து வைத்தால் அதே நான்கு புள்ளிகளில் ஐந்து நிலைகள். இன்றைய டி.எஸ்.ஆர் நேர் வரிசைக்காரன்தான். அந்த வகையில் கால் நூற்றாண்டு முந்தைய கார்டு அதைவிடச் சூட்டிகை. ஆனால் வேகம் பாதியாகவும் கால் பங்காகவும் விழுந்ததை அந்தக் காலத்துக் கேமர்கள் பொறுக்கவில்லை. 2000 டிசம்பரில் 3டிஎஃப்எக்ஸின் சொத்துகளை வாங்கப்போவதாக அறிவித்தது என்விடியா.

அதன் பிறகு எம்.எஸ்.ஏ.ஏ. என்ற சிக்கன வழி நிலைத்தது. பொருள்களின் ஓரத்தை மட்டும் பல தடவை அளப்பது அது. இலை, வேலி, கிராதி போன்றவை பெரும்பாலும் ஓட்டை போட்ட படமாகத்தான் கேமில் ஒட்டப்பட்டிருக்கும். அவற்றுக்கு ‘ஓரம்’ கிடையாது, ஆகவே எம்.எஸ்.ஏ.ஏ.வுக்கு அவை தெரியாது. பிறகு விளக்கொளியைக் கணக்கிடும் முறையே மாற, அந்தச் சிக்கனமும் செலவு பிடித்த வேலையாகிப் போனது.

2012 ஆகஸ்டில் டார்க் சோல்ஸ் கேம் பிசிக்கு வந்தபோது, எந்த மானிட்டராக இருந்தாலும் அது உள்ளே வரைந்தது 1024×720 அளவில்தான். வெளியான அரை மணி நேரத்துக்குள் ‘டுராண்டே’ என்ற புனைபெயரில் இயங்கிய பீட்டர் தோமன் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கும் நிரலை வெளியிட்டார். 2014-ல் அவரே பல கேம்களைப் பெரிதாக வரையவைத்துச் சுருக்கும் கருவியை எழுதினார். சில மாதங்களில், 2014 செப்டம்பரில், ஜி.டி.எக்ஸ் 970, 980 கார்டுகளோடு டி.எஸ்.ஆரை அறிமுகம் செய்தது என்விடியா. அந்த டிசம்பரிலேயே வி.எஸ்.ஆரோடு வந்தது ஏ.எம்.டி. அதுவரை மானிட்டரின் நேரக் கணக்குகளைக் கையால் மாற்றி, திரை இருண்டுபோகும் அபாயத்தோடு ரசிகர்கள் செய்துவந்த வேலை, ஒரு டிக் அடிக்கும் வேலையாகிவிட்டது.

யாருக்குப் பொருந்தும்?

கேம் விற்பனைத் தளமான ஸ்டீம் மாதந்தோறும் வெளியிடும் கணக்கெடுப்பில் 1920×1080 திரைதான் பல ஆண்டுகளாக உலகளவில் முதலிடம். தமிழ்நாட்டு வீட்டிலும் இதே நிலைதான்: மானிட்டர் ஒருமுறை வாங்கினால் பழுதாகும்வரை மாறாது, கார்டு மட்டும் சீட்டு எடுத்தோ ஈ.எம்.ஐ. போட்டோ மாறும். 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஒரு பழைய கேம் 150 எஃப்.பி.எஸ்.ஸில் ஓடினால் மிச்சம் 90 வீண். அந்த மிச்சத்தைப் படத் துல்லியமாக மாற்றிக்கொள்ளும் வழிதான் டி.எஸ்.ஆர்.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. பழைய பிராசஸரை வைத்துக்கொண்டு கார்டை மட்டும் புதிதாகப் போட்டவர்கள். அவர்களின் கேம் பிராசஸருக்காகக் காத்திருக்கிறது. கார்டு பாதி நேரம் சும்மா இருக்கிறது. ரெசல்யூஷனைக் கூட்டினால் சுமை ஏறுவது கார்டில்தான் என்பதால், எஃப்.பி.எஸ். கொஞ்சமும் குறையாமல் படம் மட்டும் தெளிவாவதை இவர்கள் பார்க்கலாம்.

கேமைப் பொறுத்தும் பலன் மாறும். பிரவுசிங் சென்டர் காலத்திலிருந்து இங்கே ஒரு தலைமுறைக்கே மனப்பாடமான ஜி.டி.ஏ. வைஸ் சிட்டி, சான் ஆண்ட்ரியாஸ் போன்ற பழைய கேம்கள் இன்றைய கார்டுக்குத் தூசு. அந்தப் பனைமரங்களும் கம்பி வேலிகளும் டி.எஸ்.ஆரில் அடங்கி நிற்கும். மிகப் பழைய சில கேம்கள் மட்டும் பெரிய ரெசல்யூஷனைக் கண்டு மிரண்டு திறக்க மறுக்கும். புதிய கேம்களில் சிக்கல் வேறு. டி.ஏ.ஏ. என்ற முறை முந்தைய ஃபிரேம்களைக் கலந்து மினுக்கலை மறைக்கிறது. விலையாகப் படத்தை மங்கவைக்கிறது. 1080 திரையில் அந்த மங்கல் எடுப்பாகத் தெரியும். 2019-ல் பிசிக்கு வந்த ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 இதற்குப் பேர்போனது. பெரிதாக வரைந்து சுருக்கினால் அந்த மங்கலும் சுருங்குகிறது. புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2020-ல் வெளியிட்ட ‘ராஜி’யின் கோட்டைகளும் தூண்களும் நுண்ணிய செதுக்கு வேலைப்பாடு நிறைந்தவை, அங்கும் பலன் தெரியும்.

மாறாக, டொரண்டோவின் விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்டு, அடுத்த ஆண்டு பாஃப்டாவில் அறிமுகப் படைப்புக்கான விருது பெற்ற ‘வெண்பா’ கையால் வரைந்த பாணியில் அமைந்த இருபரிமாணக் கேம். அதன் இட்லியும் புட்டும் ஏற்கெனவே வழவழப்பாகத்தான் இருக்கின்றன. டி.எஸ்.ஆர் அங்கே கார்டுக்கு வேலை தருவதோடு சரி. வாலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 ஆடுகிறவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். அவர்களுக்கு வேண்டியது வேகம். பலர் ரெசல்யூஷனைக் குறைத்தே ஆடுகிறார்கள்.

போடுவது எப்படி?

என்விடியா: டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து ‘என்விடியா கன்ட்ரோல் பேனல்’ திறக்கவும். ‘மேனேஜ் 3டி செட்டிங்ஸ்’ உள்ளே ‘டி.எஸ்.ஆர் ஃபேக்டர்ஸ்’ இருக்கும். வேண்டிய மடங்கை டிக் செய்து ‘அப்ளை’ கொடுக்கவும். பிறகு கேமின் ரெசல்யூஷன் பட்டியலில் புதிய அளவுகள் தெரியும்.

ஏ.எம்.டி: ‘அட்ரினலின்’ மென்பொருளில் ‘டிஸ்ப்ளே’ பகுதிக்குப் போய் ‘விர்ச்சுவல் சூப்பர் ரெசல்யூஷனை’ ஆன் செய்தால் போதும்.

மடங்குக் கணக்கு: என்விடியா காட்டும் 4.00 என்பது மொத்தப் பிக்சலின் மடங்கு. அகலமும் உயரமும் இரண்டிரண்டு மடங்காகும். 2.25 என்றால் 2880×1620. 1.78 என்றால் 2560×1440.

‘ஸ்மூத்னஸ்’: தொடக்கத்தில் 33 சதவீதத்தில் இருக்கும். 4.00 மடங்கில் நான்கு பிக்சல் ஒரு பிக்சலுக்குள் கச்சிதமாக அடங்கும் என்பதால் இதை 0-க்குக் கொண்டுவரலாம். 1.50, 2.25 போன்றவற்றில் வரைந்த ஒரு பிக்சல் திரையின் இரண்டு பிக்சல்களுக்கு நடுவில் பிளவுபடும். அங்கே கொஞ்சம் மென்மை இல்லாவிட்டால் எழுத்துகள் பிசிறடிக்கும்.

கேமுக்குள்ளேயே ‘ரெசல்யூஷன் ஸ்கேல்’ அல்லது ‘ரெண்டர் ஸ்கேல்’ இருந்தால் முதலில் அதைத் தொடுங்கள். 2013-ன் பேட்டில்ஃபீல்ட் 4-லேயே 200 சதவீதம் வரை ஏற்றலாம். இதில் முப்பரிமாணக் காட்சி மட்டும் பெரிதாக வரையப்படும். மெனு, வரைபடம், தோட்டா எண்ணிக்கை எல்லாம் இயல்பான அளவில் தெளிவாக இருக்கும். டி.எஸ்.ஆரில் அவையும் சேர்ந்து சுருங்கி, சில கேம்களில் எழுத்தைப் படிக்கக் கண்ணாடி தேட வேண்டியிருக்கும்.

லேப்டாப்காரர்களுக்கு ஒரு தகவல். பல லேப்டாப்களில் திரை நேரடியாக என்விடியா சிப்போடு இணைக்கப்பட்டிருக்காது. பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் வழியாகப் போகும். அப்படிப்பட்டவற்றில் டி.எஸ்.ஆர் மெனுவே தெரியாது. டிரைவரை அழித்து மறுபடி ஏற்றிப் பயன் இல்லை. வெளியே ஒரு மானிட்டரை மாட்டி, அந்த இணைப்பு என்விடியா வழியாகப் போகும்படி இருந்தால் மெனு வந்துவிடும்.

மீட்டர் ஓடுகிறது

பிக்சல் நான்கு மடங்கானால் எஃப்.பி.எஸ். சரியாக நான்கில் ஒன்றாக விழாது. ஃபிரேமுக்கான வேலையில் பிக்சலோடு சேர்ந்து பெருகாத பகுதியும் உண்டு. ஆனாலும் பாதிக்குக் கீழே இறங்கும் கேம்கள் நிறைய. கார்டின் நினைவகம் 6 ஜி.பி., 8 ஜி.பி. என்றால் புதிய கேம்கள் 4கே அளவில் அதை நிரப்பிவிட்டுத் திக்கும்.

இதைவிட யாரும் பேசாத செலவு கரண்ட். ஆர்.டி.எக்ஸ் 3060 கார்டின் உச்ச மின்தேவை 170 வாட். ஒரு பழைய கேமை 60 எஃப்.பி.எஸ்.ஸில் பூட்டி 1080-ல் ஆடும்போது அது 70 வாட்டில் வேலையை முடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 4.00 மடங்கு போட்டதும் 170-ஐத் தொடுகிறது. கூடுதல் 100 வாட். தினம் மூன்று மணி நேரம், இரண்டு மாத மின்கணக்குக்கு 60 நாள் என்றால் 18 யூனிட். சின்ன எண்தான். ஆனால் தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கான மலிவு விகிதமும் கைவிட்டுப் போகும். 490-ல் நிற்கிற வீட்டுக்கு இந்த 18 யூனிட் சின்ன எண் இல்லை.

செலவு பில்லோடு முடிவதில்லை. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஏறத்தாழ ஒரு கிலோ எரிக்க வேண்டும். ஒரு டன் நிலக்கரியை எட்ட ஐந்து கன மீட்டருக்கும் மேல் மேல்மண்ணை அள்ளிப் போட வேண்டும். 18 யூனிட்டுக்கு 18 கிலோ நிலக்கரியும், கன மீட்டரில் பத்தில் ஒரு பங்கு மண்ணும். மின்தொகுப்பில் காற்றாலையும் சூரியசக்தியும் கலந்தே வருவதால், நம் வீட்டு யூனிட் எங்கிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் 1956-ல் நிறுவனமாகி, 1962-ல் சோவியத் உதவியோடு மின்சாரம் எடுக்கத் தொடங்கிய நெய்வேலிக்குப் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கு யூனிட் என்பது பில்லில் அச்சான வெறும் எண் இல்லை. 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில், பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக, பயிர் நின்ற வயலில் மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கியதை இந்தப் பகுதி மறக்கவில்லை. கேம் ஆடுவதைக் குற்றம் என்று சொல்ல இதைச் சொல்லவில்லை. பலன் தெரியாத இடத்தில் 4.00 மடங்கைப் போட்டுவைப்பது வீண்செலவு என்பதற்காகச் சொல்வது.

உழைக்கும் கார்டு அந்த 170 வாட்டையும் வெப்பமாக அறைக்குள்தான் விடும். கத்திரி வெயிலில் அது தெரியும். 600 வி.ஏ. யு.பி.எஸ். வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அந்த வகை பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும். பிராசஸர், மானிட்டர், முழுச் சுமையில் கார்டு மூன்றும் சேர்ந்தால் அந்த எல்லை பக்கத்தில் வந்துவிடும். கரண்ட் போகும் நொடியில் சேவ் செய்ய நேரம் தராமல் எல்லாம் அணைந்துபோகலாம்.

மேலிருந்து கீழ், கீழிருந்து மேல்

2018-ல் ஆர்.டி.எக்ஸ் 20 வரிசையோடு என்விடியா எதிர்த்திசையில் நடந்தது. டி.எல்.எஸ்.எஸ். என்பது சிறிதாக வரைந்து, பயிற்சி பெற்ற செயற்கை நுண்ணறிவால் பெரிதாக்குவது. 2021-ல் ஏ.எம்.டி.யின் எஃப்.எஸ்.ஆரும் அதே திசையில் வந்தது. இனிப் பெரிதாக வரைந்து சுருக்குவது எதற்கு என்று தோன்றலாம்.

2022 ஜனவரியில் பெரிதாக வரைந்து சுருக்குவதும் செயற்கை நுண்ணறிவும் கைகோத்தன. டி.எல்.டி.எஸ்.ஆர் என்ற பெயரில், சுருக்கும் வேலையையும் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தது என்விடியா. ஆர்.டி.எக்ஸ் கார்டுகளில் மட்டும் கிடைக்கும் இதில் 1.78, 2.25 என இரண்டே மடங்குகள். 2.25-லேயே பழைய 4.00-க்கு ஈடான படம் கிடைக்கும் என்பது நிறுவனத்தின் கூற்று. இதில் ‘ஸ்மூத்னஸ்’ தலைகீழ்: 0-ல் வைத்தால் படம் செயற்கையாகக் கூர்மையாகித் தோல் பொரிந்தது போல் தெரியும், பாதிக்கு மேல் ஏற்றி வைப்பது நல்லது.

கேமர்கள் கண்டுபிடித்த சூட்சுமம் இதற்கடுத்தது. டி.எல்.டி.எஸ்.ஆரில் 2.25 மடங்கு, அதாவது 2880×1620 தேர்ந்தெடுங்கள். கேமுக்குள் டி.எல்.எஸ்.எஸ்.ஸை ‘குவாலிட்டி’யில் வையுங்கள். அது அகலத்திலும் உயரத்திலும் மூன்றில் இரண்டு பங்குதான் வரையும். 2880-ல் மூன்றில் இரண்டு 1920. 1620-ல் 1080. கார்டு உண்மையில் வரைவது பழைய 1080 படத்தையே. அதைப் பெரிதாக்கிப் பிறகு சுருக்கும் வேலைக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் சுமை. எஃப்.பி.எஸ். கொஞ்சம் இறங்கும், டி.ஏ.ஏ. மங்கல் பெருமளவு போய்விடும். 1080 மானிட்டரும் நடுத்தர ஆர்.டி.எக்ஸ் கார்டும் வைத்திருப்பவர்களுக்கு இன்றைக்குக் கிடைக்கும் சிறந்த பேரம் இதுதான்.

முடிவாக...

எஃப்.பி.எஸ். எண்ணைத் திரையில் வரவழைத்துக் கேமை வழக்கம்போல ஓடவிடுங்கள். மானிட்டரின் ஹெர்ட்ஸைத் தாண்டி மிச்சம் நிற்கிறதா என்று பாருங்கள். மிச்சம் இருந்தால் கேமின் ரெண்டர் ஸ்கேலைப் படிப்படியாக ஏற்றுங்கள். அது இல்லாத கேமில் ஆர்.டி.எக்ஸ் என்றால் டி.எல்.டி.எஸ்.ஆர் 2.25, மற்ற கார்டு என்றால் 1.78-ல் தொடங்கி மேலே போங்கள். 4.00 மடங்கைப் பழைய கேம்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படி ஏறும்போதும் நின்று, தொலைவிலுள்ள கம்பியையும் இலையையும் பாருங்கள். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாத படியில் இருந்து ஒரு படி கீழே இறங்கிவிடுங்கள். மிச்சமே இல்லை என்றால் எந்த டிக்கும் வேண்டாம், செட்டிங்ஸை மூடிவிட்டு ஆடுங்கள். புதிய மானிட்டர் வாங்கியே தீர வேண்டும் என்ற எண்ணம் இருந்தால், இந்த வசதியை ஒரு மாதம் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். உங்கள் கார்டு 4கே மானிட்டருக்குத் தாக்குப்பிடிக்குமா என்பதைக் கடைக்காரர் சொல்வதைவிட அது துல்லியமாகச் சொல்லிவிடும்.